கைபடாத நாயகர்கள்

நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் ஏறி, பிரிட்ஜ்போர்ட்டில் இறங்கி, வாட்டர்பரி கிளைப் பாதையின் டீசல் ரயிலுக்கு மாறினால் டெர்பி வந்துவிடும். கனெக்டிகட் மாநிலத்தின் மிகச் சிறிய நகரம் இது. ஹூசடோனிக் ஆறும் நாகடக் ஆறும் கூடும் இடத்தில் இருக்கிறது. இங்கே இறங்கிப் பார்க்கும்படி சுற்றுலாக் கையேடுகள் யாரையும் வற்புறுத்துவதில்லை. பழைய சூப்பர்ஹீரோ காமிக்ஸைத் தேடி அலைகிறவர்கள்கூட இந்த ஊரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர்களுக்குப் பழக்கமானவை சான் டியாகோ மாநாட்டு அரங்கும் பெருநகரங்களின் ஏலக்கூடங்களும்தான். ஆனால் 1960-களில் வெளிவந்து, பெரிதாக யாரும் கண்டுகொள்ளாமல் போன நாயகர்களின் இதழ்களை, முதுகில் ஒரு கோடுகூட விழாத நிலையில் தேடுகிறவர் பயணத்தை இங்கிருந்து தொடங்குவதே சரி என்பது என் கட்சி. அத்தகைய பிரதிகளைக் காப்பாற்றியது வாசகர்களின் பாசம் என்று பொதுவாக நம்பப்படுகிறது. அந்த நம்பிக்கை பிழையானது. விற்காமல் அடுக்கிய கட்டும், அலுவலகத்தில் எடுத்து வைத்த கோப்புப் பிரதியும், பிரிக்காமல் விட்ட பொட்டலமும்தான் அவற்றைக் காப்பாற்றின. ஆகவே தேடுகிறவர் ரசிகர்களின் வீடுகளைச் சுற்றுவதைவிட, அச்சகம், கிடங்கு, விநியோகம் என்று சரக்கு போன வழியே போவது நல்லது.

டெர்பியின் டிவிஷன் தெருவில் இருந்தது சார்ல்டன் பதிப்பகம். அதன் பிறப்பே வேடிக்கையானது. ஜான் சான்டாஞ்சலோ என்ற இத்தாலியக் குடியேறி, பிரபலமான பாடல்களின் வரிகளை உரிமை பெறாமல் தாளில் அச்சிட்டு விற்றார். 1934-இல் அதற்காக நியூ ஹேவன் சிறைக்குப் போனார். சிறையில் எட் லெவி என்ற வழக்கறிஞரின் நட்பு கிடைத்தது. வெளியே வந்ததும் இருவரும் சேர்ந்து, இம்முறை முறையாக உரிமை பெற்று, பாட்டு இதழ்கள் நடத்தத் தொடங்கினார்கள். இருவருக்கும் சார்ல்ஸ் என்ற பெயரில் ஒரு மகன் இருந்ததால் நிறுவனத்துக்கும் அந்தப் பெயரே வந்து சேர்ந்தது. ஆசிரியர் குழு, அச்சு, கட்டுவேலை, விநியோகம் எல்லாமே ஒரே வளாகத்துக்குள் நடந்த பதிப்பகம் அமெரிக்க காமிக்ஸ் துறையில் இது ஒன்றுதான் என்று சொல்லலாம். இந்தத் துறையில் அது பெருமையாகத் தெரியும். உண்மையில் அதுவே அதன் சாபமும்கூட. எந்திரத்தை நிறுத்தி மறுபடி ஓட்டுவதைவிட எதையாவது அச்சிட்டபடி ஓட விடுவது மலிவு. பாட்டு இதழ்களுக்கு இடையே எந்திரம் சும்மா நிற்காமல் இருக்கவே காமிக்ஸ் அச்சடித்தார்கள் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். 1955 ஆகஸ்டில் டயான் புயலின் வெள்ளம் நாகடக் பள்ளத்தாக்கைப் புரட்டியபோது ஆலைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. தாள் இருப்பும் அச்சுத் தகடுகளும் நாசமாயின. அதற்குப் பிறகு, முன்பே குறைவாக இருந்த ஓவியர்களின் பக்கக் கூலியும் வெட்டப்பட்டது. செலவைக் குறைக்க வசனத்தைக்கூட எந்திரத்தால் பொறித்தார்கள். சில இதழ்களில் எழுத்துப் பொறித்தவர் பெயர் ‘ஏ. மெஷின்’ என்று குறும்பாக அச்சாகியிருக்கும்.

இந்தச் சிக்கனம் பிரதிகளின் உடம்பிலேயே தெரிகிறது. வெட்டு கோணலாக விழுந்து அட்டையின் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். ஸ்டேப்பிள் மடிப்பை விட்டுத் தள்ளி இறங்கியிருக்கும். நாயகனின் சிவப்பு உடை கோட்டுக்கு வெளியே வழிந்திருக்கும். போட்டிப் பதிப்பகங்கள் பெரும்பாலும் இலினாய் மாநிலத்தின் ஸ்பார்ட்டா என்ற சிற்றூரில் இருந்த வேர்ல்ட் கலர் அச்சகத்தை நம்பியிருந்தன. செயின்ட் லூயிஸிலிருந்து தென்கிழக்கே காரில் போனால் அந்த ஊர் வரும். சிட்னி பாய்ட்டியர் நடித்த 1967-ஆம் ஆண்டுப் படத்தில் மிசிசிப்பி ஊராக நடித்ததும் இதே ஸ்பார்ட்டாதான். ஸ்பார்ட்டாவின் வேலையும் மாசற்றது என்று சொல்ல முடியாது. ஆனால் டெர்பியோடு வைத்துப் பார்த்தால் ஒழுங்கு தெரியும். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சார்ல்டன் இதழ் ஒன்று உயர்தரத்தில் கிடைக்காமல் போவதற்குப் பிற்காலத்தில் யாரோ அதைக் கசக்கியது மட்டும் காரணமாகாது. பல பிரதிகள் எந்திரத்தை விட்டு வெளியே வரும்போதே உயர்தரத்துக்கான வாய்ப்பை இழந்திருந்தன. தரம் கணிப்பவர்கள் அச்சகத்தில் நேர்ந்த குறைகளுக்கு ஓரளவு சலுகை காட்டுவார்கள்; உச்சப் படிகளை நெருங்க நெருங்க அந்தச் சலுகை சுருங்கிவிடும். எனவே டெர்பியின் சரக்கில் தேடலுக்குரிய கூட்டமே முதலிலிருந்து சிறியது.

அந்தச் சரக்கில் இருந்தவர்கள் யார் என்றால், ஒன்றும் சாதாரணமானவர்கள் இல்லை. 1960 மார்ச்சில் ‘ஸ்பேஸ் அட்வெஞ்சர்ஸ்’ 33-ஆம் இதழில் ஸ்டீவ் டிட்கோ வரைந்த கேப்டன் ஆட்டம் வந்தார். ஸ்பைடர்மேன் பிறக்க இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. 1966-இல் மார்வெலை விட்டு விலகிய டிட்கோ, கூலி குறைவானாலும் தலையீடு குறைவு என்ற கணக்கில் மறுபடி சார்ல்டனுக்கு வேலை செய்தார். டிக் ஜியர்டானோ ஆசிரியராக இருந்த அந்தச் சில ஆண்டுகளில் புதிய புளூ பீட்டில், முகமில்லாத க்வெஸ்சன், ஜோ கில்லும் பாட் பாய்ட்டும் உருவாக்கிய பீஸ்மேக்கர் எல்லோரும் வரிசையாக வந்தார்கள். தண்டர்போல்ட்டைப் படைத்த பீட் மொரிசி பகலில் நியூயார்க் போலீஸ்காரர். அதனால் முழுப்பெயர் போடாமல் மூன்றெழுத்தில் கையெழுத்திட்டார். 1966 ஜனவரியில் பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் கிளப்பிய மோகத்தில் சின்னச் சின்னப் பதிப்பகங்கள் எல்லாம் முகமூடிகளைத் தைத்துக்கொண்டிருந்த காலம். மோகம் அடங்கியதும் கடை கட்டப்பட்டது. கேப்டன் ஆட்டம் 89-ஆம் இதழோடு 1967 டிசம்பரில் நின்றது. சார்ல்டன் பிறகு 1969 முதல் 1977 வரை ஃபாண்டம் கதைகளையும் வெளியிட்டது. தமிழ் வாசகர்களுக்கு வேதாளராகவும் முகமூடி வீரர் மாயாவியாகவும் பழக்கமானவர்தான் அவர். ஆனால் சார்ல்டனின் சொந்த நாயகர்களுக்கு அந்த அளவு ஆயுள் அமையவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வாசகர்கள் கொண்டாடியிருந்தால் நல்ல பிரதிகள் தப்பியிருக்கும், கொண்டாடாததால்தானே அழிந்தன என்று கேட்கலாம். எண்ணிக்கையைப் பொறுத்தவரை இது சரி. அன்றைய முறைப்படி விற்காத இதழ்களைக் கடைக்காரர் திருப்பியனுப்பலாம். முழு இதழையும் அனுப்புவது செலவு என்பதால் அட்டையின் தலைப்புப் பகுதியை மட்டும் கிழித்து அனுப்பிக் காசை வாங்கிக்கொண்டு மீதியைக் கழிவுத்தாளில் தள்ளினார்கள். யாருக்கும் பிடிக்காத இதழ் இப்படித்தான் மொத்தமாக மறைந்தது. ஆனால் பிழைத்தவை எத்தனை என்பது ஒரு கேள்வி. பிழைத்தவை எந்த நிலையில் பிழைத்தன என்பது வேறு கேள்வி. பிடித்த இதழைச் சிறுவன் பத்து முறை படிப்பான், தம்பிக்குக் கொடுப்பான், மாற்றிக்கொள்வான், கட்டிலுக்கடியில் திணிப்பான். பிழைக்கும், ஆனால் முதுகு வெளுத்து, மூலை மழுங்கி, ஸ்டேப்பிள் துருப்பிடித்துப் பிழைக்கும். அறுபதுகளின் தொடக்கத்திலேயே ஒழுங்கான சேகரிப்பாளர்கள் தோன்றிவிட்டார்கள். ஜெர்ரி பெயில்ஸ் 1961-இல் ‘ஆல்டர் ஈகோ’ என்ற ரசிகர் இதழைத் தொடங்கினார், 1964-இல் நியூயார்க்கில் ரசிகர் கூட்டம் நடந்தது. அவர்கள் பத்திரப்படுத்தியவை முதன்மையாக டிசியும் மார்வெலும். 12 சென்ட் கையில் இருந்தால் சார்ல்டன் பக்கம் கை நீள்வது கடைசியாகத்தான். ஆக, அன்பு கிடைத்த இதழ்கள் தேய்ந்த நிலையில் நிறைய மிஞ்சின. அலட்சியம் கிடைத்தவற்றில் மிகப் பெரும்பாலானவை கூழாயின. தற்செயலாக ஒரு கட்டு எங்காவது மறந்துபோயிருந்தால் அதில் மட்டும் மாசற்ற பிரதி இருந்தது. உயர்தரம் தேடுகிறவருக்கு வேண்டியது அந்த மறந்துபோன கட்டு.

இதற்கு நல்ல சான்று ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிறது. கிராண்ட் சென்ட்ரலிலிருந்து வடக்கே போகும் ரயிலில் இடப்பக்கம் உட்கார்ந்தால் ஆறு கூடவே வரும். பாதை முடியும் ஊர் பக்கிப்ஸி. பழைய ரயில் பாலத்தை நடைபாலமாக்கி 2009-இல் திறந்திருக்கிறார்கள், அதற்காகவே இன்று இங்கே கூட்டம் வருகிறது. காமிக்ஸ் வரலாற்றில் இந்த ஊருக்கு வேறு காரணம் உண்டு. வெஸ்டர்ன் நிறுவனம் 1934-இல் இங்கே அச்சாலை திறந்தது. டெல் பதிப்பகத்தின் காமிக்ஸ் இதழ்களுக்குப் பின்னால் இருந்த கை இதுதான். 1962-இல் டெல்லோடு பிரிந்து கோல்டு கீ என்ற சொந்தப் பெயரில் இறங்கியபோது, டாக்டர் சோலார் அந்த ஆண்டு அக்டோபரிலும், ரஸ் மானிங்கின் மேக்னஸ் 1963-இலும் வந்தார்கள். இவர்களும் கண்டுகொள்ளப்படாத நாயகர்களே. ஆனால் கோல்டு கீ இதழ்களை உயர்தரத்தில் தேடுகிறவருக்கு சார்ல்டனைத் தேடுகிறவரின் தவிப்பு இல்லை. காரணம், வெஸ்டர்ன் தன் வெளியீடுகளை அலுவலகப் பதிவுக்காகப் படிக்கப்படாத பிரதிகளாக எடுத்து வைத்திருந்தது. நிறுவனம் தளர்ந்த பின்னர் அவை கோப்புப் பிரதிகள் என்ற பெயரில் சந்தைக்கு வந்தன. அவற்றை அடுக்கி வைத்த ஊழியருக்கு டாக்டர் சோலார்மீது பற்று இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. வேலை விதி அப்படி, அவ்வளவுதான். வாசக வரவேற்பில் பெரிய வித்தியாசம் இல்லாத இரண்டு பதிப்பகங்கள். இன்று கிடைக்கும் தரத்தில் அவ்வளவு வித்தியாசம். இடையில் மாறியது அச்சாலையும் கிடங்கும் மட்டுமே.

கடைசியாக டென்வர். இந்தத் துறையின் பெருங்கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் அதிலிருந்து எடுக்கும் பாடம் பெரும்பாலும் தவறாக எடுக்கப்படுகிறது. 1977 ஜனவரியில், பக்கத்து ஊரான போல்டரில் கடை வைத்திருந்த சக் ரோசான்ஸ்கி, டென்வரில் எட்கர் சர்ச் என்பவரின் வீட்டில் அடுக்கப்பட்டிருந்த 18,000 முதல் 22,000 வரையிலான காமிக்ஸ்களை வாங்கினார். 1930-களின் இறுதி முதல் 1950-கள் வரையிலானவை. பல தலைப்புகளில் இன்றுவரை அறியப்பட்ட மிகச் சிறந்த பிரதி சர்ச்சுடையதுதான். ஒரு மைல் உயரத்தில் இருக்கும் ஊரின் வறண்ட காற்றைத்தான் இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். காற்றுக்கும் பங்கு உண்டு. மரக்கூழிலிருந்து வரும் மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அமிலம் உள்ளேயே இருக்கிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது விரைவாகப் பழுத்து உடையும். ஆனால் அதே வறண்ட காற்றை அதே ஆண்டுகளில் டென்வரின் ஆயிரக்கணக்கான சிறுவர்களும் சுவாசித்தார்கள், அவர்களுடைய காமிக்ஸ் என்னவாயிற்று? சர்ச் விளம்பர ஓவியர். படம் பார்த்து வரைவதற்கான ஆதாரத் தொகுப்பாக அச்சிட்ட எதையும் வாங்கிச் சேர்த்தவர். எந்த நாயகன் உயர்ந்தவன் என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. அதனால்தான் சூப்பர்மேனோடு கூட, 1939-இல் புளூ பீட்டிலை முதலில் வெளியிட்ட ஃபாக்ஸ் போன்ற சில்லறைப் பதிப்பகங்களின் இதழ்களும் அதே புதுமையோடு தப்பின. சிலர் இதை என் வாதத்துக்கு எதிரான சான்றாகக் காட்டலாம்: சர்ச் அலட்சியக்காரர் இல்லையே, பத்திரமாக அடுக்கியவர்தானே என்று. காகிதத்தின்மேல் அவருக்குக் கவனம் இருந்தது உண்மை. நாயகர்களிடையே பாரபட்சம் இல்லாதது அதைவிட முக்கியமான உண்மை. புறக்கணிக்கப்பட்டவனுக்கு அந்தப் பாரபட்சமின்மை ஒன்றுதான் துணை. ரசிகர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் தனக்குப் பிடித்ததைத்தான் கவனமாக வைப்பார். இதில் இன்னொன்றும் உண்டு: சர்ச்சின் தொகுப்பு ஐம்பதுகளிலேயே நின்றுவிட்டது. க்வெஸ்சனும் பீஸ்மேக்கரும் அதில் இருக்க வழியில்லை. டென்வரைத் திருத்தலமாக்கி வணங்குகிறவர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

இப்போது எண்களை நம்புகிறவர்களின் மறுப்பு. 2000-இல் தொடங்கி ஃப்ளோரிடாவின் சரசோட்டாவில் இயங்கும் சிஜிசி நிறுவனம், காமிக்ஸை 0.5 முதல் 10 வரை தரம் பிரித்து பிளாஸ்டிக் உறையில் மூடித் தருகிறது. எந்த இதழில் எந்தத் தரத்தில் எத்தனை பிரதிகள் வந்தன என்ற கணக்கையும் வெளியிடுகிறது. ஊர் ஊராக அலைவானேன், கணக்கைப் பார்த்தால் அருமை தெரிந்துவிடாதா என்பார்கள். தெரியாது. தரம் பிரிக்கக் கட்டணம் உண்டு, அனுப்பும் செலவு உண்டு. பிரித்த பிறகும் அந்தச் செலவைத் தாண்டாத இதழை யார் அனுப்புவார்? சார்ல்டனின் இன்னொரு நாயகனான ஜூடோமாஸ்டரின் சாதாரண இதழ் ஒன்று 9.4-இல் இரண்டே பிரதிகள் பதிவாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு உலகில் இரண்டுதான் உண்டு என்று பொருளில்லை. அனுப்பும் அளவுக்கு இருவர்தான் பொருட்படுத்தினார்கள் என்பதே பொருள். பிரபலமான இதழில் இந்தக் கணக்கு ஓரளவு உண்மையை நெருங்கும். புறக்கணிக்கப்பட்ட இதழில் அது புறக்கணிப்பைத்தான் அளக்கிறது. 2021-இல் ‘சூசைட் ஸ்குவாட்’ படத்திலும் அடுத்த ஆண்டு தனித் தொடரிலும் ஜான் சீனா பீஸ்மேக்கராக வந்த பிறகு, அவர் அறிமுகமான 1966-ஆம் ஆண்டின் ‘ஃபைட்டின் ஃபைவ்’ 40-ஆம் இதழைத் தேடி எல்லோரும் பெட்டிகளைக் கிளறினார்கள். அப்படிக் கிளறியபின் பதிவாகும் பிரதிகள் அதற்கு முன்பும் இருந்தவைதான், கணக்கில் மட்டும் இல்லை. நாயகனுக்கு மவுசு எப்போது வந்தாலும் பிரதியின் தரம் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே தீர்மானமாகிவிட்டது என்பதும் இதில் தெரிகிறது. சார்ல்டன் நாயகர்களை 1983-இல் டிசி வாங்கியதும், எழுத்தாளர் ஆலன் மூர் அவர்களை வைத்து எழுத நினைத்த கதை புதுப் பெயர்களோடு ‘வாட்ச்மென்’ ஆக 1986-இல் வந்ததும் விலையை மாற்றின. எந்த மூலையையும் அவை நிமிர்த்தவில்லை.

எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி இது: கதை வேண்டுமென்றால் டிசி 2004-இலும் 2007-இலும் கெட்டி அட்டையில் இரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்திருக்கிறதே, பிறகு எதற்கு உயர்தர மூலப் பிரதி, அதுவும் பிரித்துப் படிக்க முடியாத உறைக்குள்? உறையைப் பற்றிய குற்றச்சாட்டை நான் முழுமையாக ஏற்கிறேன். நாயகன் கதை சொல்ல வந்தவன். நாற்புறமும் மூடிய பிளாஸ்டிக்குக்குள் அவன் வெறும் அட்டை. மறுபதிப்பு போதும் என்பதை மட்டும் ஏற்க முடியாது. வெள்ளைத் தாளில் புது வண்ணத்தோடு வரும் டிட்கோ, டெர்பியின் தாளில் வந்த டிட்கோ ஆகிவிட மாட்டார். எந்தெந்தக் கட்டத்தில் கோடு மைக்குள் மூழ்கியது, வண்ணம் எவ்வளவு விலகியது, எந்திர எழுத்து படத்தை எப்படி நெரித்தது என்பதெல்லாம் மூலப் பிரதியில்தான் இருக்கிறது. பலர் புரட்டிய பிரதியிலோ அழுக்கு யாருடையது, அச்சகத்துடையதா வாசகருடையதா என்று பிரிக்க முடியாது. கைபடாத பிரதி அந்தச் சந்தேகத்தை நீக்குகிறது. அதில் தெரியும் குறை முழுக்க ஆலையுடையது. வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் காமிக்ஸ் பெருந்தொகுப்பு இருக்கிறது, ஆய்வுக்கு அது போதாதா என்றால், பயன்பாட்டுக்காகவே வைக்கப்பட்ட நூலகப் பிரதியில் முத்திரையும் கைத்தடமும் ஏறுவதைத் தவிர்க்க முடியாது.

ஆகவே தேடுகிறவர் போக வேண்டிய இடங்கள் கவர்ச்சியற்றவை: நாகடக் பள்ளத்தாக்கில் வீடு காலி செய்யும் விற்பனைகள், மூடிப்போன மொத்த விநியோகக்காரர்களின் கிடங்குச் சரக்கு, மாநாட்டு மேசைகளுக்கு அடியில் தரம் பிரிக்காமல் கிடக்கும் மலிவுப் பெட்டிகள். அங்கே ஒரு கண்ணியும் காத்திருக்கிறது. 1977, 1978 வாக்கில் இதே சார்ல்டன் கதைகள் ‘மாடர்ன் காமிக்ஸ்’ என்ற பெயரில் மறுபடி அச்சாகி, தள்ளுபடிக் கடைகளில் பைக்குள் கட்டி விற்கப்பட்டன. பையிலேயே கிடந்ததால் அவற்றில் பல இன்றும் பளபளப்பாக இருக்கின்றன. அதே கேப்டன் ஆட்டம், அதே புளூ பீட்டில், அதே இதழ் எண். அவசரத்தில் பார்த்தால் அறுபதுகளின் அற்புதம் என்றே தோன்றும். மாசற்ற சார்ல்டன் பிரதி ஒன்று பெட்டியில் தட்டுப்பட்டால் முதுகைப் பார்க்கும் முன் அட்டையில் பதிப்பகத்தின் பெயரைப் பார்ப்பது நல்லது. 12 சென்ட் என்று விலை இருந்தால் மட்டும் மூலைகளை எண்ணத் தொடங்கலாம்.